இரண்டு பட்டியல்களிலும் பதினான்கு

கம்பம்மெட்டுக்கு அப்பால், மலைச்சரிவில் உள்ள ஒரு வீட்டு முற்றத்தில் அண்மையில் நடந்த கிளைக் கூட்டத்தில் உலக நிலைமை பற்றிப் பேசும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டிருந்தது. சுங்கவரிப் போர், அமெரிக்க ஏகாதிபத்தியத்தின் நெருக்கடி, ஒன்றிய அரசின் சரணாகதி என்று வழக்கமான வரிசையில் பேசி முடித்தேன். கேள்வி நேரம் வந்தது. ஒரு ஏக்கருக்கும் குறைவான நிலத்தில் மிளகுக்கொடி வைத்திருக்கும் மூத்த தோழர் ஒருவர் எழுந்தார். "எல்லாம் சரி தோழர். மிளகுக்கு வரியைக் குறைச்சப்ப டெல்லியில நம்ம எம்.பி. கை தூக்கினாரா, தூக்கலையா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

அவரிடம் யாரும் கேட்கவே இல்லை என்பதுதான் பதில். அவர் மட்டுமல்ல, மக்களவையின் 543 உறுப்பினர்களில் எவரிடமும் கேட்கவில்லை, மாநிலங்களவையிலும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கட்டாயம் ஒன்றிய அரசுக்கு இல்லை. இதைச் சொன்னபோது கூட்டத்தில் இருந்த இளைய தோழர்கள் சிலர் நம்பவில்லை. பஞ்சாயத்து ஒரு நடைபாதைக்குச் சிமெண்ட் போடுவதற்குக்கூடக் கிராமசபை கூட்டித் தீர்மானம் போட்டுப் பழகியவர்கள் அவர்கள். பத்து நாடுகளோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்துக்கு வாக்கெடுப்பே கிடையாது என்றால் எப்படி நம்புவார்கள்? அன்று அரைகுறையாகச் சொன்ன விளக்கத்தைச் சற்று விரிவாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆசியான் நாடுகளுடனான சரக்கு வர்த்தக ஒப்பந்தம் 2009 ஆகஸ்ட் 13 அன்று பாங்காக்கில் கையெழுத்தானது. அந்த ஆண்டின் நாடாளுமன்ற வரவுசெலவுக் கூட்டத்தொடர் ஆகஸ்ட் 7 அன்று முடிந்துவிட்டிருந்தது. இடையில் ஆறு நாட்கள். கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்தபோதே ஜூலை மாதம் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்துவிட்டது. அவை நடந்த நாட்களில் உரையை மேசையில் வைத்து, விவாதித்து, வாக்கெடுத்து, அதன்பிறகு பாங்காக்குக்கு விமானம் ஏறியிருக்க முடியும். அப்படிச் செய்யவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லாததால் செய்யவில்லை. 2010 ஜனவரி 1 முதல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது.

அதில் என்ன இருந்தது? இயற்கை ரப்பர் உள்ளிட்ட 489 இனங்கள் விலக்குப் பட்டியலில் வைக்கப்பட்டன. அதைக் காட்டித்தான் அன்றைய காங்கிரஸ் அரசு கேரளத்துக்கு ஆறுதல் சொன்னது. ஆனால் மிளகு, தேயிலை, காப்பி, பாமாயில் ஆகியவை 'சிறப்புப் பொருட்கள்' என்ற தனிப் பெட்டியில் போடப்பட்டன. மிளகின் வரி 70 சதவிகிதத்திலிருந்து 50 சதவிகிதமாக இறங்கவேண்டும். தேயிலைக்கும் காப்பிக்கும் 100 சதவிகிதத்திலிருந்து 45. கச்சாப் பாமாயிலுக்கு 80 சதவிகிதத்திலிருந்து 37.5. சுத்திகரித்த பாமாயிலுக்கு 90 சதவிகிதத்திலிருந்து 45. இவையெல்லாம் 2019 முடிவுக்குள் படிப்படியாக நிறைவேறவேண்டும். இந்தச் சிறப்புப் பட்டியலை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். மூணாறு, பீர்மேடு, உடும்பன்சோலை, நெல்லியாம்பதி என்று நம் மலைகளில் விளைவதையும், சித்தூர் வட்டத்துத் தென்னந்தோப்புக்குப் போட்டியாக வருவதையும் சேர்த்தால் இந்தப் பட்டியல் கிட்டத்தட்ட முழுமையாகிவிடும்.

2009 அக்டோபர் 2 அன்று காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை இடதுசாரிகள் மனிதச்சங்கிலி அமைத்தார்கள். அன்று கைகோத்து நின்ற தோழர்கள் பலர் இன்றும் நம் கிளைகளில் இருக்கிறார்கள். கேரள அரசு பிரதமரிடம் நேரில் எதிர்ப்பைத் தெரிவித்தது. அப்போது கையெழுத்தாகி ஏழு வாரங்கள் ஆகியிருந்தன. ஒரு மாநிலம் முழுவதும் கைகோத்து நின்றாலும், அந்தக் கைகளை எண்ணிக்கொள்ள நாடாளுமன்றத்தில் ஒரு வாக்கெடுப்பு இல்லை.

இது எப்படிச் சாத்தியமாகிறது? அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் ஒன்றியப் பட்டியலின் பதினான்காவது இனம், அயல்நாடுகளோடு ஒப்பந்தங்கள் செய்வதும் அவற்றை நிறைவேற்றுவதும். மாநிலப் பட்டியலின் பதினான்காவது இனம் வேளாண்மை. எண் ஒன்றுபட்டது தற்செயல்தான். ஆனால் நம் எல்லையோரக் கிராமங்களின் முப்பதாண்டு வரலாற்றை ஒரு வரியில் எழுதச் சொன்னால், அந்தப் பதினான்கு இந்தப் பதினான்கை விழுங்கிய கதை என்றுதான் எழுதுவேன். பயிருக்குப் பூச்சி விழுந்தால் மாநில அரசு பொறுப்பு. கடன் தள்ளுபடி கேட்டால் மாநில அரசிடம்தான் கேட்கவேண்டும். தற்கொலை செய்துகொண்ட விவசாயியின் வீட்டுக்கு முதலில் வருவது மாநில அமைச்சர். விலையை விழவைத்த கையெழுத்து மட்டும் டெல்லியுடையது. பிரிவு 253 இதற்கு இன்னும் ஒரு பூட்டு போடுகிறது. ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதற்காக நாடாளுமன்றம் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள் குறித்தும் சட்டம் இயற்றலாம்.

அந்தப் பூட்டைத் திறக்கவேண்டிய தேவைகூட வர்த்தக ஒப்பந்தங்களில் எழுவதில்லை. 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம், பிரிவு 25இன் முதல் உட்பிரிவு, பொதுநலன் கருதி எந்தப் பொருளுக்கும் வரிவிலக்குத் தர ஒன்றிய அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. அரசிதழில் ஓர் அறிவிக்கை வெளியிட்டால் போதும். ஆசியான் ஒப்பந்தத்தின் வரிக்குறைப்பு இன்று நடைமுறையில் இருப்பது 2011 ஜூன் 1 அன்று வெளியான 46ஆம் எண் சுங்க அறிவிக்கையின் வழியாகத்தான். அறிவிக்கை பின்னர் அவைகளின் மேசையில் வைக்கப்படும். கட்டுக்கட்டாக வைக்கப்படும் காகிதங்களில் அதுவும் ஒன்று.

இங்கு ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாமே நம்மை ஏமாற்றிக்கொள்வோம். பாமாயில் விஷயத்தில் எல்லாப் பழியையும் ஆசியான் ஒப்பந்தத்தின்மேல் போடமுடியாது. ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு ஓராண்டு முன்பே, 2008 ஏப்ரலில், கச்சாப் பாமாயிலின் வரியை ஒன்றிய அரசு தன் விருப்பப்படி பூஜ்யமாக்கியிருந்தது. எந்த அயல்நாடும் அதைக் கட்டாயப்படுத்தவில்லை. நம் கூட்டங்களில் இதைச் சொல்லத் தயங்குகிறோம், ஒப்பந்த எதிர்ப்பு வாதம் வலுவிழந்துவிடும் என்ற அச்சத்தால். என் கணக்கில் வாதம் இதனால் வலுவடைகிறது. ஒப்பந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், உழவரின் விலையை நிர்ணயிக்கும் பேனா ஒரே கையில்தான் இருக்கிறது.

மிளகுக்கு இன்னொரு வழியும் திறந்திருந்தது. இலங்கையோடு 1998 டிசம்பர் 28 அன்று வாஜ்பாயும் சந்திரிகா குமாரதுங்கவும் கையெழுத்திட்ட தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 2000 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தது. இலங்கை மிளகு அதன்படி வரியின்றி வரலாம். இலங்கைத் தோட்டத்தில் மிளகு பறிக்கும் தொழிலாளி நம் சகோதரர். அவர்மேல் நமக்கு வழக்கு இல்லை. ஆனால் வியட்நாம் மிளகும் கொழும்பு வழியாக, இலங்கைச் சான்றிதழோடு வரத் தொடங்கியது என்பதை விவசாயிகள் முதலில் சொன்னார்கள்; வணிகர்கள் பிறகு ஒப்புக்கொண்டார்கள். 2015ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிலோ 600 ரூபாயைத் தாண்டி விற்ற மிளகு, 2018–19இல் 400 ரூபாய்க்குக் கீழே போனது. கட்டப்பனையின் மலஞ்சரக்குக் கடைகளில் மூட்டையை இறக்கிவிட்டு, விலையைக் கேட்டு மறுபடியும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். கூக்குரல் அதிகமானதும் 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை நிர்ணயித்தார்கள். 2018 மார்ச்சில் அதற்குக் கீழான இறக்குமதிக்குத் தடை விதித்தார்கள். இரண்டும் அறிவிக்கைகள்தாம். திறந்ததும் நிர்வாகத் துறை, பாதி சாத்தியதும் நிர்வாகத் துறை. நாளை முழுதாகத் திறந்தாலும் அதே துறைதான்.

நீதிமன்றம் இதைத் தடுக்காதா என்று கேட்கலாம். கட்ச் எல்லை தொடர்பான மகன்பாய் ஈஸ்வர்பாய் படேல் வழக்கில் 1969இல் உச்ச நீதிமன்றம் ஓர் அளவுகோலை வகுத்தது. ஒப்பந்தம் செய்வது நிர்வாகத் துறையின் அதிகாரம். குடிமக்களின் உரிமைகளைக் கட்டுப்படுத்தினாலோ நாட்டின் சட்டத்தை மாற்றினாலோதான் நாடாளுமன்றச் சட்டம் வேண்டும். மிளகு விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைப்பது சட்டத்தின் பார்வையில் உரிமை அல்ல. வரிவிலக்கு அறிவிக்கையும் சட்டத்தை மாற்றுவது ஆகாது. ஆகவே அளவுகோல் அவரைத் தொடாமலே தாண்டிப் போய்விடுகிறது. நிலப்பரப்பைக் கொடுப்பதென்றால் மட்டும் நிலைமை வேறு. பேருபாரி விவகாரத்தில் 1960இல் உச்ச நீதிமன்றம் அரசமைப்புத் திருத்தம் தேவை என்றது; ஒன்பதாவது திருத்தம் வந்தது. வங்கதேசத்தோடு நிலப்பகுதிகளைப் பரிமாறிக்கொள்ள 2015இல் நூறாவது திருத்தம் வந்தது. ஆனால் 1974இல் கச்சத்தீவு ஒப்பந்தம் திருத்தம் எதுவுமின்றியே முடிந்தது. அங்கு நடந்தது எல்லை வரையறைதான், நிலம் கொடுத்தல் அல்ல என்றது ஒன்றிய அரசு. நாடாளுமன்றத்தில் அமைச்சர் அறிக்கை வாசித்தார், உறுப்பினர்கள் கொந்தளித்தார்கள், வாக்கெடுப்பு இல்லை. பெயரை மாற்றினால் நடைமுறையும் மாறிவிடும் என்பது அன்று கிடைத்த பாடம், டெல்லிக்கு.

நம் வட்டாரத்தில் ஒரு கையெழுத்தின் ஆயுள் எவ்வளவு நீளம் என்பதற்கு நான் தொலைவில் தேடவேண்டியதில்லை. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கும் இடையே முல்லைப்பெரியாறு குத்தகை எழுதப்பட்டது, 999 ஆண்டுகளுக்கு. திருவிதாங்கூரில் சட்டமன்ற சபை அமைந்தது 1888இல்தான். தண்ணீர் யாருக்கு எவ்வளவு என்ற வாதத்துக்குள் நான் இங்கு போகவில்லை. மலையின் இருபுறமும் நம் தோழர்கள் இருக்கிறார்கள், இருபுறமும் நியாயமான அச்சங்கள் இருக்கின்றன. சட்டமன்றம் என்ற ஒன்றே இல்லாத காலத்தில் அரண்மனை செய்த ஒப்பந்தத்தையும், மக்களவையும் மாநிலங்களவையும் இருக்கும் காலத்தில் அமைச்சரவை செய்யும் ஒப்பந்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

வண்டிப்பெரியாறிலிருந்து கவிக்குப் போனவர்களுக்கு அங்குள்ள ஏலத்தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளைத் தெரியும். வனமேம்பாட்டுக் கழகத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்ட அந்தத் தமிழர்கள் இலங்கையிலிருந்து வந்தவர்கள். 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்த உடன்பாட்டில் 9,75,000 மலையகத் தமிழர்களின் தலைகள் எண்ணப்பட்டன. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அந்த மீதியையும் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். வகுத்தல் கணக்கு சரியாக வந்தது. கண்டியிலும் நுவரெலியாவிலும் பிறந்து, லயத்து அறையைத் தவிர வேறு வீடு அறியாத மனிதர்களிடம் எங்கே வாழ விரும்புகிறீர்கள் என்று உடன்பாட்டுக்கு முன் எவரும் கேட்கவில்லை. அந்த எண்களை இறுதி செய்வதற்கு நாடாளுமன்றத்தின் வாக்கு தேவைப்படவும் இல்லை. அண்ணன் கப்பலேறி, தம்பி தோட்டத்தில் நின்றுவிட்ட குடும்பங்கள் எத்தனை! வெளியுறவுக் கொள்கை என்பது டெல்லியில் கம்பளத்தின்மேல் நடக்கும் காரியம், கிளைக் கூட்டத்துக்குப் பொருந்தாது என்று நினைக்கும் தோழர்கள் ஒருமுறை கவிக்குப் போய்வர வேண்டும்.

அணுசக்தி உடன்பாட்டுக் கதையை நம் தோழர்கள் அறிவார்கள். ஒரு பகுதியை மட்டும் நினைவூட்டுகிறேன். 123 உடன்பாட்டுக்காக அமெரிக்கக் காங்கிரஸ் 2006 டிசம்பரில் ஹைடு சட்டத்தை நிறைவேற்றியது. 2008 செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் அதன் இரு அவைகளும் உடன்பாட்டை வாக்கெடுப்புக்கு விட்டு ஏற்றன. இந்திய நாடாளுமன்றம் அந்த உடன்பாட்டின்மேல் ஒருமுறைகூட வாக்களிக்கவில்லை. 2008 ஜூலை 22 அன்று 275க்கு 256 என்று நடந்தது அரசின்மேல் நம்பிக்கை கோரும் வாக்கெடுப்பு. அரசு பிழைத்ததை உடன்பாட்டுக்குக் கிடைத்த ஒப்புதலாகக் காட்டினார்கள். ஆனால் அணு விபத்துக்கு யார் பொறுப்பு என்று தீர்மானிக்கச் சட்டம் தேவைப்பட்டது. அதனால் 2010இல் நாடாளுமன்றத்துக்கு வந்தே தீரவேண்டியிருந்தது. அங்கே, இடதுசாரிகள் உள்ளிட்டோரின் அழுத்தத்தால், உலை தருகிற நிறுவனத்திடமும் இழப்பீட்டைத் திரும்பக் கோரலாம் என்ற பிரிவு சட்டத்தில் ஏறியது. அமெரிக்க நிறுவனங்கள் அந்த ஒரு பிரிவைக் காட்டியே பதினைந்து ஆண்டுகள் தள்ளி நின்றன. 2025 டிசம்பரில் புதிய சட்டம் கொண்டுவந்து அதை அகற்றிவிட்டார்கள். அகற்றுவதற்கும் நாடாளுமன்றத்துக்குத்தான் வரவேண்டியிருந்தது, விவாதிக்க வேண்டியிருந்தது. மூத்த தோழர் கேட்டது இதைத்தான்: கை தூக்கினாரா, தூக்கலையா?

அப்படியானால் அமெரிக்க முறையைப் புகழ்கிறேனா? இல்லை. அங்கு உடன்படிக்கைகளுக்கு செனட்டின் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதல் வேண்டும் என்பது அரசியல் சட்டத்தில் இருக்கிறது. அதைத் தவிர்ப்பதற்காகவே 'நிர்வாக உடன்பாடு' என்ற பெயரில் அதிபர்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டு வந்திருக்கிறார்கள். சுங்கவரி விதிக்கும் அதிகாரம் அந்நாட்டு அரசியல் சட்டப்படி காங்கிரசுக்கு உரியது. 2025இல் அதிபர் டிரம்ப் 1977ஆம் ஆண்டின் பொருளாதார அவசரநிலைச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு உலகம் முழுவதற்கும் வரி விதித்தார். ஆகஸ்ட் இறுதியில் இந்தியப் பொருட்களின்மேல் 50 சதவிகிதம் விழுந்தது. அந்தச் சட்டம் இதற்கு இடம் தரவில்லை என்று அங்குள்ள வர்த்தக நீதிமன்றமும் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதே ஆண்டிலேயே தீர்ப்பளித்தன. தீர்ப்புகள் ஒருபக்கம் இருக்க, வரி வசூலாகிக்கொண்டிருந்தது. திருப்பூரில் இயந்திரங்கள் நின்றன. கொச்சியில் இறால் தேங்கியது. சட்டமன்றம் தன் அதிகாரத்தைத் தானே பயன்படுத்தாமல் விட்டால், தனியொருவர் அதை எடுத்துக்கொள்வார். அங்கும் அப்படித்தான், இங்கும் அப்படித்தான்.

நாம் பின்பற்றுவதாகச் சொல்லிக்கொள்ளும் பிரிட்டிஷ் முறையிலேயே நிலைமை மாறிவிட்டது. மன்னரின் தனியுரிமை என்று நூற்றாண்டுகளாக இருந்த ஒப்பந்த அதிகாரத்துக்கு அவர்கள் 2010இல் சட்டம் இயற்றினார்கள். உடன்படிக்கையை நாடாளுமன்றத்தில் வைத்து 21 அமர்வு நாட்கள் காத்திருக்கவேண்டும். கீழவை எதிர்த்துத் தீர்மானம் போட்டால் அரசு உறுதிப்படுத்த முடியாது. 2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் பொருளாதார ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அன்று நம் நாடாளுமன்றத்தின் மழைக்காலக் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்தது. ஒரே காகிதம், அதை மறுக்கும் உரிமை லண்டனில் உள்ள உறுப்பினருக்கு உண்டு, டெல்லியில் உள்ளவருக்கு இல்லை. காலனி ஆட்சியிடமிருந்து பெற்ற பழக்கத்தை ஆண்டவர்களே கைவிட்ட பிறகும் நாம் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறோம்.

பேச்சுவார்த்தை இரகசியமாக இருந்தால்தான் பேரம் பேச முடியும் என்பது ஆட்சியாளர்களின் பதில். பேரம் நடக்கும்போது ஒவ்வொரு எண்ணையும் வெளியிடவேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. முடிந்தபின், கையெழுத்துக்கு முன், உரையைக் காட்டச் சொல்கிறோம். எதிர்த்தரப்பில் உட்கார்ந்திருப்பவருக்கு உரை தெரியும். பெருநிறுவனங்களின் சங்கங்களுக்குத் தெரியும். தெரியாதவர் மிளகுக்காரர் மட்டும்தான்.

இதற்கு அரசமைப்புச் சட்டத்தையே புரட்டவேண்டியதில்லை என்பதைத் தோழர்கள் கவனிக்கவேண்டும். ஒன்றியப் பட்டியலின் பதினான்காவது இனம் நாடாளுமன்றத்துக்குத்தான் சட்டமியற்றும் அதிகாரத்தைத் தந்திருக்கிறது. ஒப்பந்தங்களை எப்படிச் செய்யவேண்டும், யாரிடம் காட்டவேண்டும், யாருடைய ஒப்புதல் வேண்டும் என்று சாதாரணப் பெரும்பான்மையில் ஒரு சட்டம் இயற்றலாம். எழுபத்தைந்து ஆண்டுகளாக அந்தச் சட்டம் எழுதப்படவில்லை. பிரிவு 73 நிர்வாகத் துறைக்குத் தருவது, நாடாளுமன்றம் சட்டமியற்றக்கூடிய பொருள்களில் செயல்படும் அதிகாரம். சட்டம் இல்லாத வெற்றிடத்தில் அந்த அதிகாரம் கட்டுப்பாடின்றி நிற்கிறது. வெங்கடாசலய்யா தலைமையிலான அரசமைப்புச் சட்ட மறுஆய்வுக் குழு இதைச் சுட்டிக்காட்டியது. ஒன்றிய–மாநில உறவுகள் குறித்த பூஞ்சி ஆணையம் 2010இல் அளித்த அறிக்கை, இத்தகைய சட்டம் வேண்டும் என்றும், மாநிலப் பட்டியலைத் தொடும் ஒப்பந்தங்களில் மாநிலங்களை ஈடுபடுத்த வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. மாநிலங்களவையில் எம்.ஏ.பேபி, டங்கல் வரைவு விவாதம் சூடாக இருந்த 1990களின் தொடக்கத்திலேயே, ஒப்பந்தங்களை அவைகளின்முன் வைப்பதைக் கட்டாயமாக்கும் தனிநபர் மசோதாவுக்கு அறிவிப்புக் கொடுத்தார். அவை எல்லாம் காகிதத்தில் நிற்கின்றன.

இங்கே நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 2004 தேர்தலுக்குப் பிறகு மக்களவையில் இடதுசாரிகள் 59 பேர். நம் ஆதரவின்றி அரசு இல்லை என்ற நிலை நான்காண்டுகள் இருந்தது. ஊரக வேலை உறுதிச் சட்டமும் வன உரிமைச் சட்டமும் அக்காலத்தில் வந்தவை. அவற்றில் நம் பங்கைப் பெருமையோடு சொல்கிறோம். ஒப்பந்தங்களுக்கு நாடாளுமன்ற ஒப்புதல் வேண்டும் என்ற கோரிக்கையும் இடதுசாரிகளின் தேர்தல் அறிக்கைகளில் இடம்பெற்று வந்ததுதான். ஆயினும் அதை ஆதரவின் நிபந்தனையாக்கி ஒரு சட்டமாக வாங்கவில்லை. 2008 ஜூலையில் ஓர் உடன்பாட்டை எதிர்த்து வெளியேறினோம். அது சரியான முடிவு என்றே இன்றும் கருதுகிறேன். ஆனால் அந்த உடன்பாட்டைப் பிறப்பித்த முறையைப் பூட்டிவிட்டு வெளியேறியிருந்தால், ஓராண்டு கழித்து பாங்காக் கையெழுத்து அவ்வளவு எளிதாக நடந்திருக்காது. இதை நான் தனிப்பட்ட கருத்தாகவே பதிவு செய்கிறேன்; மறுக்கும் தோழர்கள் இதே பக்கங்களில் எழுதட்டும்.

எழுதப்படவேண்டிய சட்டம் நாடாளுமன்றத்தோடு நின்றுவிடக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கேரளத்திலிருந்து மக்களவைக்குப் போவது 20 பேர், தமிழ்நாட்டிலிருந்து 39 பேர். கோதுமைக்கும் கரும்புக்கும் உள்ள பெரும்பான்மை ஏலத்துக்கும் மிளகுக்கும் ஒருநாளும் கிடைக்காது. மாநிலச் சட்டமன்றங்களின் கருத்து ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்கப்படவேண்டும். பயிர் பாதிக்கப்படும் மாநிலத்துக்கு இழப்பீடு சட்டப்படியான கடமையாக வேண்டும். சட்டமன்றத்தின் குரல் டெல்லியின் வாசலில் என்ன ஆகிறது என்பதைப் பாலக்காட்டுக்காரர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். பிளாச்சிமடையில் கோக கோலா ஆலை ஏற்படுத்திய இழப்பை உயர்நிலைக் குழு 216 கோடி ரூபாய்க்கு மேல் என்று மதிப்பிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவை 2011 பிப்ரவரியில் கேரளச் சட்டமன்றம் ஒருமனதாக நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்குப் போன மசோதா, ஆண்டுக்கணக்கில் உள்துறை அமைச்சகத்தில் கிடந்து, ஒப்புதல் இல்லாமல் திரும்பிவந்தது. குடியரசுத் தலைவர் என்பது அங்கே அமைச்சரவையின் இன்னொரு பெயர்.

அதே சித்தூர் வட்டத்தில்தான் இப்போதைய கவலையும் இருக்கிறது. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, முதலமடை ஆகிய ஊர்களில் மழை பொய்த்த ஆண்டுகளில் நெல்லையும் நிலக்கடலையையும் விட்டுவிட்டு மாட்டை நம்பியவர்கள் பலர். கேரளத்தில் பால் அதிகம் சேரும் வட்டாரங்களில் இது முதன்மையானது. விடியுமுன்னே சொசைட்டி வாசலில் கேனோடு நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆசிய-பசிபிக் நாடுகளின் ஆர்.சி.இ.பி. ஒப்பந்தம் வந்தால் நியூசிலாந்துப் பால்பவுடர் வந்து குவியும் என்று 2019இல் அவர்களும் வீதிக்கு வந்தார்கள். நவம்பர் 4 அன்று ஒன்றிய அரசு அந்த ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டது. மக்கள் போராட்டத்தின் வெற்றிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் விலகியதும் ஒரு பிரதமரின் முடிவு. எந்தத் தீர்மானமும் அதைக் கட்டிப்போடவில்லை. இந்தியப் பால் சந்தையைத் திறக்கவேண்டும் என்பது அமெரிக்காவின் நெடுநாள் நிர்ப்பந்தம். மிருகக் கழிவுகளிலிருந்து செய்த தீவனம் தின்னாத மாட்டின் பால்தான் என்று நாம் கேட்கும் சான்றிதழையே அவர்கள் வர்த்தகத் தடை என்கிறார்கள். பால் துறையை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று ஒன்றிய அமைச்சர்கள் மேடைதோறும் சொல்கிறார்கள். சொல்லட்டும். அதை நாடாளுமன்றத்தில் தீர்மானமாகப் போட்டால் என்ன?

கம்பம்மெட்டுக் கூட்டத்தின் முடிவில் அந்தக் கிளை ஒரு வேலையை எடுத்துக்கொண்டிருக்கிறது. அடுத்த கிராமசபைகளிலும், சித்தூர் பக்கம் பால் சொசைட்டிகளின் பொதுக்குழுக்களிலும் வைப்பதற்கு ஒரு பக்கத் தீர்மானம், தமிழிலும் மலையாளத்திலும். மூன்றே மூன்று கோரிக்கைகள்: கையெழுத்துக்கு முன் உரையை வெளியிடு, இரு அவைகளிலும் வாக்கெடு, வேளாண்மையைத் தொடும் ஒப்பந்தமென்றால் சட்டமன்றத்தைக் கேள். அதன் நகல் இடுக்கி, பாலக்காடு, ஆலத்தூர், தேனி, பொள்ளாச்சி ஆகிய ஐந்து தொகுதிகளின் மக்களவை உறுப்பினர்களுக்கும், அவர்கள் எந்தக் கட்சியாயினும், நேரில் கொடுக்கப்படும். தனிநபர் மசோதாவாகக் கொண்டுவருவீர்களா என்று கேட்டு, சொல்லும் பதிலை எழுதிவாங்கி வருவதென்று முடிவு. மூத்த தோழர் தன் பெயரை முதல் கையெழுத்தாகப் போட்டுவிட்டு, மாலை வண்டிக்கு நேரமாகிவிட்டதென்று குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.